வண்டிக் கூரையில் ஒரு மின்னோட்டவியல் பாடம்

(தஞ்சாவூர் மாவட்டத்தில் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தை முடித்த கையோடு நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "ஒரு வண்டியின் கூரையில் 100 வாட் சோலார் பேனல் இருக்கிறது. பகலில் அது பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. ராத்திரி அந்தப் பேட்டரியில் 100 வாட் விளக்கு ஒன்றை எவ்வளவு நேரம் எரிய விடலாம்?" திறன் என்றால் மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். "விடிய விடிய எரியும் சார், ரெண்டும் நூறு வாட்தானே" என்பான் ஒருவன். "பேட்டரி எவ்வளவு பெருசுன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்பாள் இன்னொருத்தி. அவள் பக்கம்தான் நான்.

வாட் வேறு, வாட் மணி வேறு. இரண்டும் நம் பாடநூலில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் மனத்தில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. காரணம் எளிது. வீட்டில் சுவிட்சைப் போட்டால் மின்சாரம் வருகிறது, எவ்வளவு எடுத்தாலும் வந்துகொண்டே இருக்கிறது. தீராத ஒன்றை யார் அளப்பார்கள்? கம்பி வராத இடத்தில், ஒரு பேனலையும் ஒரு பேட்டரியையும் மட்டும் நம்பி ஓர் இரவு தங்கினால்தான் இந்த வேறுபாடு உறைக்கிறது. அதனால்தான் இந்தப் பாடத்தை வகுப்பறையிலிருந்து வண்டிக் கூரைக்கு எடுத்துப்போக வேண்டும் என்கிறேன்.

கேரவன் என்றால் நம் பிள்ளைகளுக்குச் சினிமா படப்பிடிப்பு நினைவுக்கு வரும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு வண்டியிலேயே படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் முகாம் போட்டுத் தங்குகிறார்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப. மற்றொன்று உள்ளே இருக்கும் விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டிக்கு. வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் நிரப்பிவிடும். ஒரே இடத்தில் இரண்டு நாள் நின்றால்? எஞ்சினை ஓடவிட்டால் டீசல் செலவு, இரைச்சல், புகை. அதற்குத்தான் கூரையில் பேனல்.

நம் ஊரில் யார் சார் முகாம் போடுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். வேறு யாரையும்விட அதிகமாக நம் ஊரில்தான் போடுகிறார்கள். சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் நம் வயல்வெளியைப் பாருங்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வரும் கீதாரிகள் செம்மறியாடுகளை வயலில் கிடை கட்டுகிறார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். நிலத்துக்காரர் கிடைக்கூலி தருகிறார். வாத்து மேய்ப்பவர்கள் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் தேடி வயலுக்கு வயல் நகர்கிறார்கள். அறுவடை இயந்திரத்தோடு வருபவர்கள் வாரக்கணக்கில் களத்திலேயே படுத்து எழுகிறார்கள். இவர்களுக்கு மின் இணைப்பு எண் கிடையாது. கீதாரிகள் முன்பு தலைச்சுமையாகத் தூக்கிப்போன வலையையும், குட்டி அடைக்கும் கூண்டையும், பாத்திரம் பண்டத்தையும் இப்போது பல இடங்களில் குட்டியானையில் ஏற்றிப் போகிறார்கள். அந்தக் குட்டியானையின் தார்ப்பாய்க் கூரைமேல் ஒரு சிறிய சோலார் பேனல் கட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேனலைத் தரையில் வைத்தால் என்ன என்று நான் ஒரு கீதாரியிடம் கேட்டேன். "ஆடு மேல ஏறிப்புடும் சார்" என்றார். கூரைக்கு இதைவிட நல்ல காரணம் எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இருக்காது.

அப்படி ஒரு கிடையிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு மாணவி வந்துகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. கிடை நகரும் மாதங்களும் பொதுத்தேர்வு நடக்கும் மாதங்களும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். மேட்டூர் திறந்து வயலில் தண்ணீர் பாயும்வரை கிடை வயலில்தான். தேர்வோ மார்ச், ஏப்ரலில். வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை என்று கேட்டபோது அவள் சொன்னாள்: "ராத்திரி எட்டரைக்கே லைட்டு மங்கிடுது சார்." நான்கு மாதத்துக்கு முன் வாங்கிய பேனலும் பேட்டரியும். கடைக்காரர் பேட்டரி போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்றிருக்கிறார். அவளுடைய அப்பா ஓர் ஆட்டை விற்றுப் புதுப் பேட்டரி வாங்கலாமா என்ற யோசனையில் இருந்தார்.

விற்பதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று அந்தப் பொருளை வகுப்புக்குக் கேள்வியாகக் கொடுத்தேன். அவளிடம் அனுமதி கேட்டு, அவள் சரி என்ற பிறகு.

இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் உவமை தர வேண்டும். டெல்டாப் பிள்ளைக்கு வாட், வாட் மணி வேறுபாட்டை விளக்க இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. செய்தித்தாளில் நாள்தோறும் வரும் மேட்டூர் அணை நிலவரம்தான் அது. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி. நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. நீர் திறப்பு வினாடிக்கு இத்தனை கன அடி. கன அடி வீதமும் டி.எம்.சி.யும் ஒன்றல்ல என்பது நம் ஊர் டீக்கடையில் உட்காரும் யாருக்கும் தெரியும். வினாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 கோடி கன அடி. அதாவது 0.864 டி.எம்.சி. கன அடி வீதம் என்பது வேகம், அதுதான் வாட். டி.எம்.சி. என்பது கொள்ளளவு, அதுதான் வாட் மணி. பேனல் நீர்வரத்து. பேட்டரி அணை. விளக்கும் விசிறியும் நீர் திறப்பு. ஆயிரம் வாட் மணி சேர்ந்தால் மின் கட்டண அட்டையில் எழுதும் ஒரு யூனிட்.

உவமை இன்னும் கொஞ்ச தூரம் நம்மோடு வரும். மேட்டூரில் நீர்மட்டம் 120 அடி என்றால் இருப்பு 93.47 டி.எம்.சி. மட்டத்தைப் பார்த்து இருப்பைச் சொல்கிறோம். அதேபோல 12 வோல்ட் ஈய அமில பேட்டரியில் விளக்கு எதுவும் எரியாமல் சிறிது நேரம் ஓய்வாக இருக்கும்போது மல்டிமீட்டர் 12.7 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய முழு இருப்பு. 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே போனால் அணை வறண்டுவிட்டது. அரை வோல்ட்டில் பாதி இருப்பு அடங்கிவிடுகிறது. எனவே மீட்டரில் புள்ளிக்கு அடுத்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். தசம எண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மாணவர்கள் செய்த கணக்கைச் சொல்கிறேன். பேனல் 40 வாட். நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது. காலை ஆறு முதல் மாலை ஆறுவரை வெளிச்சம் இருந்தாலும், காலை, மாலைச் சாய்வெயிலை எல்லாம் சேர்த்து உச்சிவெயிலாக மாற்றிப் பார்த்தால் அவ்வளவுதான். 40 × 5 = 200 வாட் மணி. பேனல் சூடாவது, தூசு, கன்ட்ரோலர், பேட்டரிக்குள் ஏறி இறங்கும் இழப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்தில் மூன்றைக் கழித்துவிடுங்கள். வரத்து 140 வாட் மணி.

திறப்பு? 7 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, ஆறு மணி நேரம்: 84. செல்போன் நான்கு, ஒன்றுக்கு 15 வீதம்: 60. இரவில் ஆட்டைச் சுற்றி வர ஒரு டார்ச், அதைச் சார்ஜ் போட 20. மொத்தம் 164. வரத்தைவிடத் திறப்பு நாளுக்கு 24 வாட் மணி அதிகம். பேட்டரி 12 வோல்ட், 20 ஆம்பியர் மணி. பெருக்கினால் 240 வாட் மணி. ஆனால் ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுப்பது அதன் ஆயுளுக்குக் கேடு. ஆகவே கையிருப்பு 120. நாளுக்கு 24 குறைந்தால் 120 எத்தனை நாளில் தீரும்? ஐந்தே நாள். கரும்பலகையில் இந்த 5 வந்து விழுந்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. பேட்டரி கெட்டதால் விளக்கு மங்கவில்லை. நாள்தோறும் நிரம்பாமலே கிடந்ததால் பேட்டரி கெட்டுக்கொண்டிருந்தது. பாதி வெறுமையாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாகக் கெட்டிப்பட்டு, பிறகு கரைய மறுக்கும். அந்த அளவுக்கு அணையில் மண் மேடிட்டதுபோலக் கொள்ளளவு குறைந்துவிடும். புதுப் பேட்டரி வாங்கியிருந்தால் அதுவும் அடுத்த நான்கு மாதத்தில் இதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும். ஆடும் போயிருக்கும்.

இனி வெயில். கூரையில் படுத்த நிலையில் பேனலைப் பொருத்தினால் சாய்வு இல்லாமல் போகிறதே, இழப்பு வராதா என்று கணித ஆசிரியர்கள் கேட்பீர்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியலை இங்கே கொண்டு வாருங்கள். தஞ்சாவூரின் அட்சரேகை ஏறக்குறைய 10.8 பாகை. ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 25-ஐ ஒட்டியும் நமக்கு நிழலில்லா நாள் வருகிறது; நட்டுவைத்த குச்சிக்கு உச்சிவேளையில் நிழல் இருக்காது. அன்று படுத்த பேனலுக்குக் கதிர் நேர் செங்குத்து. டிசம்பர் 21-இல் சூரியன் தெற்கே 23.4 பாகையில் நிற்கிறது. நண்பகலில் உச்சியிலிருந்து அதன் விலகல் 34.2 பாகை. கொசைன் மதிப்பு 0.83. மிக மோசமான நாளிலும் நண்பகலில் நூற்றுக்கு 83 கிடைத்துவிடுகிறது. அதே நாளில் நெதர்லாந்தின் எய்ந்தோவன் நகரில் விலகல் ஏறக்குறைய 75 பாகை. கொசைன் 0.26. படுத்த பேனலுக்கு நான்கில் ஒரு பங்குதான்.

எய்ந்தோவனைச் சும்மா சொல்லவில்லை. அந்த ஊர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2021-இல் 'ஸ்டெல்லா வீட்டா' என்ற சோலார் வீட்டு வண்டியைச் செய்து ஸ்பெயினின் தென்முனையில் உள்ள தரிபா வரை ஓட்டிச் சென்றார்கள். படுக்க, சமைக்க, வண்டி ஓட எல்லாவற்றுக்கும் கூரை வெயில்தான். வண்டி நின்றதும் கூரை மேலே எழும்பிப் பக்கவாட்டில் இறக்கைபோல விரியும். அப்போது பேனல் பரப்பு 17.5 சதுர மீட்டர். பேட்டரி 60 யூனிட் பிடிக்கும். நல்ல வெயில் நாளில் 730 கிலோமீட்டர் வரை ஓடும் என்று அறிவித்தார்கள். வெயில் குறைந்த நாட்டுப் பிள்ளைகள் பரப்பைப் பெருக்கி ஈடுகட்டினார்கள். நமக்குச் சாய்வும் வேண்டாம், இறக்கையும் வேண்டாம். நம் தொல்லை வேறு.

நம் தொல்லை நிழலும் சூடும் தூசும். வண்டியை எங்கே நிறுத்துவோம்? பூவரச மரத்தடியில், தென்னந்தோப்பில். மனிதனுக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். கொஞ்ச நிழல்தானே என்று விட முடியாது. 12 வோல்ட் பேனலில் பெரும்பாலும் 36 செல்கள் தொடரிணைப்பில் இருக்கும். தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்று சொல்லிக் கொடுக்கிறோமே, அது இங்கே கண்முன் நடக்கும். ஒரு செல்லை உள்ளங்கையால் மூடினால் அந்த வரிசை முழுவதும் சுருண்டுவிடும். ஒரே ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தால் நிழல் பட்ட பரப்புக்குத் தொடர்பே இல்லாத அளவில் உற்பத்தி விழும். வகுப்பில் 10 வாட் பேனல் ஒன்றை வைத்து ஒரு மாணவனைக் கைவைக்கச் சொல்லிப் பாருங்கள். தொடரிணைப்பை அதற்குப் பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

சூட்டையும் சொல்லிவிடுகிறேன். வெயில் அதிகமானால் மின்சாரம் அதிகம் என்பது பாதி உண்மை. ஒளி அதிகமானால் அதிகம். வெப்பம் அதிகமானால் குறைவு. பேனலின் அளவீடு 25 பாகை செல்சியஸுக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்திய பேனல் 65 பாகையை எளிதாகத் தொடும். நாற்பது பாகை கூடுதல், 16 சதவீதம் இழப்பு. பேனலுக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டுக் காற்று போகவிட்டாலே கொஞ்சம் மீளும். கிடையில் தூசு மிக அதிகம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நடுவெயிலில் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடான கண்ணாடி விரியக்கூடும்.

பேனலை நேரே பேட்டரியில் கொடுத்தால் என்ன? 12 வோல்ட் பேனல் என்று பெயர். உச்ச உற்பத்தியின்போது அது 18 வோல்ட்டில் நிற்கும், எதுவும் இணைக்காமல் அளந்தால் 22-க்கு அருகில் காட்டும். பேட்டரி 14.4 வோல்ட்டை எட்டியதும் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து போகும். அதைக் காவல் காப்பது சார்ஜ் கன்ட்ரோலர். மலிவான பி.டபிள்யூ.எம். வகை பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துப் பிடிக்கும். 100 வாட் பேனலில் 5.5 ஆம்பியர், பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் 13 × 5.5 = 72 வாட்தான் உள்ளே போகும். எம்.பி.பி.டி. வகை பேனலை 18 வோல்ட்டிலேயே நிற்கவிட்டு, உபரி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். 40 வாட்டுக்கு முதல் வகையே போதும். கேரவன் அளவுக்குப் போனால் இரண்டாவது வகைக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கினால் இருப்பில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கை எடுக்கலாம், ஆயுளும் அதிகம். ஆனால் அதற்கென்று அமைத்த கன்ட்ரோலர்தான் வேண்டும்.

கம்பியில் பலர் காசு மிச்சம் பிடிப்பார்கள். 100 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுபோக 0.43 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 மீட்டர் தூரத்துக்கு, போக வர 20 மீட்டர், மின்தடை 0.23 ஓம். 8 ஆம்பியரில் வோல்ட் இழப்பு 1.84. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிட்டத்தட்ட 15 வாட் கம்பியிலேயே வெப்பமாகிவிடுகிறது. ஜூல் வெப்ப விதிக்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டாம். மின்வாரியம் ஏன் உயர் அழுத்தத்தில் மின்சாரத்தைக் கடத்துகிறது என்ற மதிப்பெண் கேள்விக்கும் விடை இதே வரியில் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு நிமிடம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பிள்ளைகள் அலட்சியமாக இருப்பார்கள். ஷாக் அடிக்காது, தீ வைக்கும். பேட்டரியின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு பழுக்கும். நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். வளையல், மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரியைத் தொட வேண்டும். மூடிய அறையில் சார்ஜ் போடக் கூடாது. வகுப்புக்குப் பெரிய பேட்டரி வேண்டவே வேண்டாம். சீல் செய்த 7 ஆம்பியர் மணி பேட்டரி போதும். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன், நீங்களும் இருங்கள்.

அந்தக் கிடைக்கு வருகிறேன். மாணவர்கள் பரிந்துரைத்தது மூன்று மாற்றங்கள். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வண்டி மரத்தடியில் நிற்கக் கூடாது. பேனலை நாள்தோறும் துடைக்க வேண்டும். ஆட்டுப் பட்டியின் பக்கம் எரியும் 7 வாட் விளக்கை 3 வாட்டாக மாற்ற வேண்டும். அங்கே நரி, நாய் வருகிறதா என்று தெரிந்தால் போதும், படிக்கவா போகிறார்கள். படிக்கும் விளக்கு 7 வாட், ஐந்து மணி நேரம்: 35. பட்டி விளக்கு 3 வாட், ஆறு மணி நேரம்: 18. செல்போனும் டார்ச்சும் முன்பு போல 80. மொத்தம் 133. வரத்து 140. ஏழு வாட் மணி மிச்சம். மிகக் குறுகிய மிச்சம்தான், மேகம் வந்தால் போய்விடும். அதனால் செல்போன்களை நண்பகலில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது போடச் சொன்னோம். பேட்டரிக்குள் ஏறி இறங்கும் இழப்பு அதில் மிச்சம். நீர்வரத்தை அணையில் தேக்காமல் நேரே வாய்க்காலில் விடுவது போல.

பேட்டரி பழைய கொள்ளளவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் சில நாள் திறப்பைக் குறைத்து முழுதாக நிரம்பவிட்டபின் காலை மட்டம் மெல்ல ஏறியது. மாணவி தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பேட்டரி நிலவரம்' என்று தலைப்பிட்டு நாள்தோறும் விடிகாலை வோல்ட்டையும் முந்தைய இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தாள் என்பதையும் எழுதிக்கொண்டு வந்தாள். எட்டரை என்பது பத்தானது, பத்தரையானது. அப்பாவுக்கு ஒரு நிபந்தனை போட்டாளாம்: மட்டம் 12.2-க்குக் கீழே போன அன்று யார் போனும் சார்ஜ் ஏறாது. முக்கொம்பில் ஷட்டர் இறக்குகிற அதிகாரியின் தோரணை என்று வகுப்பில் கேலி செய்தார்கள். தேர்வு முடியும்வரை அந்தப் பேட்டரி தாங்கியது. ஆட்டை விற்கவில்லை.

இதே கணக்கைக் கேரவன் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள், எது முடியும், எது முடியாது என்று தெரிந்துவிடும். சாதாரண 75 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 600 வாட் மணி. 28 வாட் பி.எல்.டி.சி. விசிறி அதே நேரத்துக்கு 224. ஒரு 100 வாட் பேனல் நாளுக்குத் தரும் 350-இல் இரண்டாவது அடங்கும், முதலாவது அடங்காது. பேனலைப் பெரிதாக்குவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு. குளிரூட்டி? வேன் கூரையில் அதிகம் போனால் 1,000 வாட் பேனல் பிடிக்கும். நாளுக்கு 3.5 யூனிட். மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் குளிரூட்டி மூன்றரை மணி நேரத்தில் அத்தனையையும் குடித்துவிடும். கூரைப் பரப்பு என்ற எல்லையைத் தாண்ட முடியாது. விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்த ஒரு பெருக்கலைப் போடப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

கூரைப் பரப்பு தாராளமாக இருக்கும் இடங்களில் என்ன செய்ய முடிகிறது என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 ஜனவரி முதல் ஓடும் 'ஆதித்யா' படகின் கூரையில் 20 கிலோவாட் பேனல். 75 பேர் பயணம் செய்யலாம். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த டெமு ரயில் ஒன்று 2017 ஜூலையில் டெல்லியில் ஓடத் தொடங்கியது. பெட்டிக்கு 16 பேனல், ஒவ்வொன்றும் 300 வாட். பெட்டிக்குள் இருக்கும் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே அது. வண்டியை இழுப்பது டீசல்தான். இந்த வேறுபாட்டை நாளிதழ்த் தலைப்புகள் விட்டுவிட்டன, மாணவர்கள் விடக் கூடாது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் கரி அடுப்புக்குப் பதிலாகக் கூரையில் பேனல் வைத்த இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020-இல் சுவீடனின் சிறார் காலநிலைப் பரிசைப் பெற்றார். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பேசினார். அதுவும் கூரை, பேட்டரி, திறப்பு என்ற அதே கணக்குதான்.

கஜா புயலைக் குறிப்பிடாமல் நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை அது கரையைக் கடந்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு கிராமங்களில் எத்தனை வாரம் இருட்டில் இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்துச் செல்போனுக்குச் சார்ஜ் போட்டோம். இப்போது வீட்டுக் கூரைகளில் பேனல் பெருகிவருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. கம்பியில் மின்சாரம் நின்றால், பழுது பார்க்கும் ஊழியருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக, அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். உச்சிவெயிலில் கூரை நிறையப் பேனல் இருக்க, கீழே விளக்கு எரியாது. பேட்டரியோடு தனித்து நிற்கும் கிடை வண்டியில் எரியும். மாடிவீட்டுப் பிள்ளைக்கு இது வியப்பாக இருக்கிறது. உங்கள் பள்ளிக் கூரையில் பேனல் இருந்தால் அது எந்த வகை என்று நாளையே விசாரித்து வையுங்கள். புயல் முகாமாக மாறுவது நம் பள்ளிக் கட்டடங்கள்தான்.

2022 நவம்பர் 28-இல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றத்தின் வழியாக ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு வோல்ட் அளப்பதும் கைநிழல் சோதனையும் போதும். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு முழு நிலவரம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரமும் மாசியில் ஒரு வாரமும் எழுதவையுங்கள். அடைமழை நாளில் வரத்து எவ்வளவு படுத்துவிடுகிறது என்று எண்ணில் பார்க்க வேண்டும். எத்தனை நாள் மழைக்குத் தாங்கும் பேட்டரி வேண்டும் என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

அந்த ஓர மேசையில் 10 வாட் பேனல், கன்ட்ரோலர், 7 ஆம்பியர் மணி பேட்டரி, மல்டிமீட்டர், 3 வாட் விளக்கு எல்லாம் இணைத்து வைத்திருக்கிறேன். வெளியே இப்போது நல்ல வெயில். உணவு இடைவேளைக்கு முன் குழுவுக்கு ஒரு முறை தூக்கிக்கொண்டு போய், வேப்ப மரத்தடியில் ஓர் அளவும் திடலில் ஓர் அளவும் எடுத்து வாருங்கள். கணித ஆசிரியர்கள் ஒரு குச்சியை நட்டு நிழல் நீளத்தையும் எடுத்துவிடுங்கள். மதியம் அந்த எண்களை வைத்துத்தான் பாடத்திட்டம் எழுதப்போகிறோம். பேட்டரியைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.